ஆணையும் வாய்மையும்

1664 ஆம் ஆண்டில் வட இங்கிலாந்திலுள்ள லங்காஸ்டர் நகரின் நீதிமன்றத்தில் ஜோர்ஜ் பொக்ஸ் என்பவர் விசாரணைக்காக நிறுத்தப்பட்டார். நாற்பது வயதினரான அவர் களவு செய்தவரல்லர், கலகம் விளைத்தவருமல்லர். அரசனுக்கு விசுவாசமாயிருப்பதாக வேதப்புத்தகத்தைத் தொட்டு ஆணையிடுமாறு கேட்கப்பட்டபோது அவர் மறுத்தார். அதுவே அவர்மீது சாட்டப்பட்ட குற்றம். ஆணையிடுவதற்கென அவர் கையில் வேதப்புத்தகம் கொடுக்கப்பட்டது. அதனைப் பெற்றுக்கொண்ட அவர், ஆணையிட வேண்டாமென்று இப்புத்தகமே சொல்லுகின்றது என்றார். புத்தகம் சொல்வதைச் சொன்ன மனிதனைச் சிறையிலிடுவோர், அதையே சொல்லும் புத்தகத்தை ஏன் சிறையிலிடவில்லை என்றும் வினவினார். உடனே புத்தகம் அவர் கையினின்றும் பறிக்கப்பட்டது. பொக்ஸ் இறந்தபின் 1694 இல் வெளிவந்த அவருடைய வாழ்க்கைக் குறிப்பு நூல் இச்சம்பவத்தை விரித்துரைக்கின்றது.

இது வெறும் வாய்ச்சாதுரியம் அன்று. ஆசனத்தில் இருந்த நீதிபதியும் கிறித்தவரே. கூண்டில் நின்றவரும் கிறித்தவரே. இருவரும் ஒரே நூலையே இறைவனின் வாக்கெனப் போற்றியவர்கள். ஆணையிடக் கூடாது என்பதற்குப் பொக்ஸ் ஓரிடத்தைச் சுட்டினால், ஆணையிடலாம் என்பதற்கு நீதிபதி அதே நூலிலிருந்து பத்து இடங்களைச் சுட்டியிருக்க முடியும். ஒரு நூலிலிருந்து இரண்டு போதனைகள் எவ்வாறு பிறந்தன? அவ்விரண்டையும் நேர்மையுடன் பற்றிநின்ற மக்கள் ஒரே நாட்டில், ஒரே சட்டத்தின்கீழ் எவ்வாறு வாழக் கற்றார்கள்? இவ்வினாக்களுக்கு விடை காண இரண்டாயிரம் ஆண்டு வரலாற்றைப் பின்னோக்கிப் பார்த்தல் வேண்டும்.

பழைய ஏற்பாட்டில் ஆணை என்பது தவறானதொன்றாகக் கருதப்படவில்லை. அது சமுதாயத்தைத் தாங்கும் தூண்களில் ஒன்றாகவே காணப்படுகின்றது. ஆதியாகமத்திலே, நீர்க்கிணறு ஒன்றைப் பற்றி எழுந்த பிணக்கை ஆபிரகாமும் அபிமெலேக்கு என்னும் அரசனும் ஆணையிட்டுத் தீர்த்துக்கொள்கின்றனர். அவ்விடம் பெயெர்செபா எனப் பெயர் பெறுகின்றது. ஆபிரகாமுக்கு ஆசி வழங்குங்கால் இறைவனே தம்மைக் கொண்டு ஆணையிடுவதாகவும் அந்நூல் கூறுகின்றது. உபாகமமோ இறைவனுக்கு அஞ்சி அவருடைய நாமத்தினாலேயே ஆணையிடும்படி மக்களைப் பணிக்கின்றது. அயலாரின் தெய்வங்கள்மீது ஆணையிடாது தம் இறைவன்மீது ஆணையிடுதல், அவருக்கே உரியவர் என்பதை அறிக்கையிடும் செயலாகவும் விளங்கிற்று.

நீதி வழங்குவதற்கும் ஆணை இன்றியமையாததாக இருந்தது. ஒருவன் தன் கழுதையையோ மாட்டையோ ஆட்டையோ அயலானிடம் ஒப்படைத்துச் செல்கின்றான். அது இறந்துபோகிறது, அல்லது காணாமற் போகிறது. கண்ட சாட்சி எவருமில்லை. இத்தகைய வழக்கை யாத்திராகமத்தின் 22 ஆம் அதிகாரம் ஆராய்கின்றது. அப்பொருளைத் தான் அபகரிக்கவில்லை என்று காப்பாளன் இறைவன்முன் ஆணையிட வேண்டும். உடைமையாளன் அதனை ஏற்றுக்கொள்ள வேண்டும். அத்துடன் வழக்கு முடிந்தது. எழுத்தாவணமும் காவற்படையும் இல்லாத காலத்தில், மனிதனின் கண் எட்டாத இடத்திலே இறைவனின் கண்ணைச் சாட்சியாக அழைப்பதைவிட வேறு வழி இருக்கவில்லை. ஆதலாற் பொய்யாணை கொடிய குற்றமாகக் கருதப்பட்டது. இறைவனின் நாமத்தை வீணிலே வழங்கலாகாதென்று பத்துக் கட்டளைகளும், அவர் நாமத்தைக் கொண்டு பொய்யாணை இடலாகாதென்று லேவியராகமமும் எச்சரித்தன.

எப்பொழுதும் கிடைக்கும் பண்டத்துக்கு மதிப்புக் குறைதல் உலக இயல்பு. ஆணைக்கும் அந்நிலையே நேர்ந்தது. உண்மையோடும் நியாயத்தோடும் நீதியோடும் ஆணையிட வேண்டுமென்று எரேமியா தீர்க்கதரிசி வற்புறுத்த நேர்ந்ததிலிருந்தே, அவை இன்றி ஆணையிடுவோர் மலிந்திருந்தமை புலனாகின்றது. கிறித்துவுக்கு ஏறக்குறைய இரண்டு நூற்றாண்டு முன்னெழுந்த சீராக்கின் ஞானநூல், ஆணையிடுதலை நாவுக்குப் பழக்கமாக்கிக் கொள்ளாதே என்று அறிவுரை பகர்கின்றது.

யூத மக்களிடையே எஸ்ஸேனியர் என்றொரு துறவுக் குழுவினர் இருந்தனர். அவர்கள் ஆணையைத் தவிர்த்தனர் என்றும், இறைவனைச் சாட்சிக்கு அழைத்தாலன்றி நம்பப்படாத மனிதன் ஏற்கெனவே குற்றவாளியாகிவிட்டான் என்று அவர்கள் கருதினர் என்றும் முதலாம் நூற்றாண்டு வரலாற்றாசிரியர் யோசேப்பு எழுதியுள்ளார். பெரிய ஏரோது மன்னன் தன் குடிகளிடம் விசுவாச ஆணை கேட்டபோது எஸ்ஸேனியருக்கு விலக்களித்தான். ஆயினும் அக்குழுவிற் சேருவோர் சேரும் வேளையிற் கடுமையான ஆணைகளை எடுக்க வேண்டியிருந்தது என்பதையும் அதே ஆசிரியர் மறைக்காமற் கூறுகின்றார். ஆணையை வெறுத்தோருக்கும் அதனை முற்றாக விட்டுவிடுதல் எளிதாக இருக்கவில்லை.

இச்சூழ்நிலையிலேதான் இயேசுநாதரின் மலைப்பொழிவு எழுந்தது. மத்தேயு எழுதிய சுவிசேஷத்தின் ஐந்தாம் அதிகாரத்திலே, பொய்யாணை இடலாகாது என்ற முன்னோர் மொழியை அவர் நினைவூட்டுகின்றார். பின்னர் அதனைக் கடந்து சென்று, ஆணையே வேண்டாம் என்கின்றார். வானத்தின்மீதும் வேண்டாம், பூமியின்மீதும் வேண்டாம், எருசலேமின்மீதும் வேண்டாம், தன் தலைமயிரில் ஒன்றையேனும் கறுப்பாகவோ வெள்ளையாகவோ மாற்ற இயலாத மனிதன் தன் தலையின்மீதும் ஆணையிட வேண்டாம். ஆம் என்றால் ஆம், இல்லை என்றால் இல்லை. அதற்கு மேற்படுவது தீமையினின்றும் பிறப்பது என்பது அப்போதனையின் சாரம். யாக்கோபு எழுதிய நிருபத்தின் இறுதி அதிகாரமும் இதனையே மீண்டும் உரைக்கின்றது.

அப்போதனை அக்கால வழக்கம் ஒன்றையும் கண்டிப்பதாக இருந்தது. இறைவனின் நாமத்தை நேரே சொல்லாது ஆலயத்தின்மீதோ வானத்தின்மீதோ ஆணையிட்டால் அதற்குப் பிணிப்புக் குறைவு என எண்ணியோர் இருந்தனர். ஆலயத்தின்மீது இட்ட ஆணை கட்டுப்படுத்தாது, ஆலயத்துப் பொன்மீது இட்ட ஆணையே கட்டுப்படுத்தும் என்று வாதித்தோரை அதே சுவிசேஷத்தின் 23 ஆம் அதிகாரம் கடிந்துரைக்கின்றது. இவர்கள் கையில் ஆணை உண்மைக்குக் காவலாக இல்லாமற் பொய்க்கு ஒளிப்பிடமாகிவிட்டது. சுவிசேஷக் கதைகளிலும் ஆணையின் அவலம் வெளிப்படுகின்றது. சிறிய ஏரோது விருந்திலே யோசனையின்றி இட்ட ஆணை யோவான் ஸ்நானனின் தலையை வாங்கிற்று. தன் குருவை அறியேன் என்று பேதுரு மறுதலித்தபோதும் ஆணையிட்டே மறுதலித்தார்.

எனினும் புதிய ஏற்பாடு முழுவதும் ஒரே குரலிற் பேசவில்லை. பவுல் அப்போஸ்தலர் ரோமருக்கும் கலாத்தியருக்கும் பிலிப்பியருக்கும் எழுதிய நிருபங்களில், தாம் சொல்வது மெய் என்பதற்கு இறைவனையே சாட்சியாக அழைக்கின்றார். கொரிந்தியருக்கு எழுதும்போது அதனினும் கடுமையாகத் தம் ஆத்துமாவின் பேரில் அவரைச் சாட்சிக்கு அழைக்கின்றார். எபிரெயருக்கு எழுதப்பட்ட நிருபமோ மனிதரின் பிணக்குகளுக்கு ஆணை முடிவு கட்டுகின்றது என்பதை யாதொரு கண்டனமுமின்றிக் கூறுகின்றது. வெளிப்படுத்தின விசேஷத்தில் ஒரு தேவதூதனே கையை உயர்த்தி ஆணையிடுகின்றான். பிரதான ஆசாரியன் இறைவன் பெயரால் ஆணையிட்டுக் கேட்டபோது இயேசுநாதர் விடையிறுத்தமையையும் ஆணைக்குச் சார்பான சான்றாகப் பின்வந்தோர் காட்டினர்.

இவ்விரு போதனைகளையும் எவ்வாறு இணைப்பது? தொடக்ககாலத் திருச்சபைத் தந்தையர் பலர் மலைப்பொழிவை எழுத்தின்படியே கொண்டனர். அவர்களுள் முதன்மையானவர் அருள்வாக்கி யோவான் கிறிசோஸ்தோம். 387 ஆம் ஆண்டில் அந்தியோக்கியா நகரிலே கலகக்காரர் பேரரசரின் சிலைகளை வீழ்த்தினர். அரச தண்டனையை எதிர்நோக்கி நகரமே நடுங்கிக்கொண்டிருந்த அந்நாட்களில், அவர் மக்களுக்குத் தொடர்ந்து உரையாற்றினார். ஆணையிடும் பழக்கத்தை விட்டொழிக்குமாறு அவ்வுரைகளில் மீண்டும் மீண்டும் வற்புறுத்தினார். ஆணையை விலக்கும் நூலையே கையில் ஏந்தி ஆணையிடுகிறீர்களே என்று அவர் கேட்ட கேள்வியும் அவற்றுள் ஒன்று. லங்காஸ்டரிற் பொக்ஸ் கேட்பதற்கு ஆயிரத்திருநூறு ஆண்டுகளுக்கு மேலாக முன்னரே அக்கேள்வி எழுந்துவிட்டது.

ஆனால் மேற்குத் திருச்சபையில் வென்ற கருத்து அகுஸ்தீனுடையது. பொய்யாணையே பாவம், மெய்யாணை பாவமன்று. பவுலே ஆணையிட்டிருக்க, அதனைப் பாவமென்று எவ்வாறு சொல்வது? ஆயினும் அடிக்கடி ஆணையிடுவோன் பொய்யாணை என்னும் பள்ளத்தின் ஓரத்தில் நடப்பவனாவான். ஆதலின் தேவையின்றி ஆணையிடாதே என்பதே கிறித்துவின் கட்டளையின் கருத்து என்று அவர் விளக்கினார். உண்மை, ஆராய்வு, நீதி ஆகிய மூன்றும் துணைநிற்க இடப்படும் ஆணை ஆகுமானதே என்று பதின்மூன்றாம் நூற்றாண்டில் அக்குவினாஸ் நகர்த் தோமா அதனை வகுத்துரைத்தார்.

அகுஸ்தீனின் கருத்து வென்றமைக்குச் சமயக் காரணத்தோடு உலகியற் காரணமும் உண்டு. மத்தியகால ஐரோப்பாவின் ஆட்சிமுறை முழுவதும் ஆணையின்மீது கட்டப்பட்டது. சிற்றரசன் பேரரசனுக்கும், நிலம் பெற்றவன் நிலம் கொடுத்தவனுக்கும், நகரத்தான் தன் நகரத்துக்கும் ஆணையாற் கட்டுண்டிருந்தான். ஆணையை மறுப்பவன் சமயத்தை மட்டுமன்றி அரசையும் அசைப்பவனாகக் கருதப்பட்டான். பன்னிரண்டாம் நூற்றாண்டிற் பிரான்சின் லியோன் நகரில் தோன்றிய வால்தென்சியர் மலைப்பொழிவை அப்படியே பின்பற்ற முனைந்தனர். ஆணையிடத் தயங்குவதே சமய விரோதத்தின் அடையாளமெனச் சமய விசாரணையாளர் கொண்டனர். ஆணையிட மறுத்தால் அதுவே குற்றச்சான்று. ஆணையிட்டால் மனச்சாட்சிக்குத் துரோகம். இப்பொறியிலிருந்து தப்புதல் அரிது.

பதினாறாம் நூற்றாண்டில் எழுந்த சமயச் சீர்திருத்தம் வேதநூலை மக்கள் கையில் கொடுத்தது. அதனுடன் இப்பழைய பிணக்கையும் மீண்டும் கிளப்பிவிட்டது. லூத்தரன் திருச்சபையின் அவுக்ஸ்புர்க் அறிக்கை 1530 இல் ஆணையை அனுமதித்தது. இங்கிலாந்துத் திருச்சபையின் முப்பத்தொன்பது விதிகளில் இறுதி விதி இதற்கென்றே அமைந்தது: வீண் ஆணையைக் கிறித்து விலக்கினார், நீதிபதி கேட்கும்போது இடும் ஆணையை அவர் விலக்கவில்லை என்பது அதன் தீர்ப்பு. இதற்கு மாறாக, சுவிற்சர்லாந்தின் ஷ்லைத்தைம் என்னுமிடத்தில் 1527 இற் கூடிய மறுஞானஸ்நானக்காரர் தம் ஏழு விதிகளில் ஒன்றால் ஆணையை முற்றாக விலக்கினர். அவ்விதிகளை வகுத்த மிக்கேல் சாத்லர் அதே ஆண்டிற் கொலைத்தண்டனைக்கு உள்ளானார். அவர்மீது சுமத்தப்பட்ட குற்றங்களில் ஆணையை மறுக்கக் கற்பித்தமையும் ஒன்று.

இருளிடையே ஓர் ஒளிக்கீற்றும் தோன்றிற்று. 1577 இல் ஒல்லாந்து நாட்டு மிடில்பேர்க் நகரசபையார், மெனோவின் வழிவந்த கிறித்தவர்களிடம் ஆணை கேட்டு இடர் விளைத்தனர். ஓரேஞ்சு இளவரசர் வில்லியம் தலையிட்டு, அவர்களுடைய ஆம் என்னும் சொல்லையே ஆணைக்குச் சமமாக ஏற்றுக்கொள்ளும்படி பணித்தார். ஆணையின்றியும் அரசு நிலைபெறலாம் என்பதற்கு இது கண்கூடான சான்றாயிற்று.

இங்கிலாந்து அப்பாடத்தைக் கற்க மேலும் நூறாண்டு சென்றது. அங்கே 1605 இல் பாராளுமன்றத்தை வெடிமருந்தால் தகர்க்கச் செய்யப்பட்ட சதி வெளியானபின், 1606 இல் விசுவாச ஆணைச் சட்டம் நிறைவேறியது. அது கத்தோலிக்கரைக் குறித்து விரிக்கப்பட்ட வலை. ஆனால் அரை நூற்றாண்டின்பின் அதில் அகப்பட்டோர் பொக்ஸின் வழிநின்ற குவேக்கர் எனப்படும் நண்பர் குழாத்தினர். அவர்கள் அரசனை எதிர்த்தவர்களல்லர். ஆயுதம் ஏந்துவதையே பாவமாகக் கொண்டவர்கள். ஆயினும் அவர்களைச் சிறையிலிட விரும்பிய நீதவானுக்கு வேறு குற்றம் தேட வேண்டிய தேவை இருக்கவில்லை. ஆணைப் பத்திரத்தை நீட்டினாற் போதும். அவர்கள் மறுப்பார்கள் என்பது உறுதி. 1662 ஆம் ஆண்டின் குவேக்கர் சட்டம் ஆணை மறுப்புக்கு முதன்முறை 5 பவுண் வரையும், இரண்டாம் முறை 10 பவுண் வரையும் தண்டம் விதித்தது. மூன்றாம் முறை நாடு கடத்தவும் இடமளித்தது.

தன் விசுவாசம் ஆணையிலே தங்கியிருக்கவில்லை, உண்மையிலே தங்கியிருக்கின்றது என்று பொக்ஸ் நீதிபதிக்கு விளக்கினார். அது செவியேறவில்லை. லங்காஸ்டர்க் கோட்டையிலும் பின்னர் ஸ்கார்பரோக் கோட்டையிலும் 1666 வரை அவர் அடைபட்டிருந்தார். அவரோடு விசாரிக்கப்பட்டவர் மார்கிரட் பெல் அம்மையார். அவர் ஒரு நீதிபதியின் கைம்பெண். தம் சுவார்த்மோர் இல்லத்தை நண்பர் குழாத்தின் கூட்டங்களுக்குத் திறந்து வைத்தவர். ஆணையிட மறுத்தமைக்காக அரச பாதுகாப்பை இழத்தல், சொத்துப் பறிமுதல், அரசன் விரும்பும்வரை சிறை என்னும் முத்தண்டனை அவருக்கு விதிக்கப்பட்டது. 1668 இலேயே அவர் விடுதலை பெற்றார்.

சிறைக்குச் செல்லாத குவேக்கரும் நாள்தோறும் இழப்புகளைத் தாங்கினர். ஆணையின்றிக் கடன்காரன்மீது வழக்கிட்டுப் பணம் பெற முடியாது. இறந்த தந்தையின் மரணசாசனத்தை நிரூபிக்க முடியாது. தன் வீட்டிற் களவு செய்தவனுக்கு எதிராகச் சாட்சி கூற முடியாது. வணிகக் குழுக்களிலும் நகராண்மையிலும் உரிமை பெற முடியாது. பொய்யன் ஒருவன் கூசாமற் புத்தகத்தை முத்தமிட்டுத் தன் காரியத்தைச் சாதித்துக்கொண்டான். பொய் சொல்ல அஞ்சியவனோ உடைமையை இழந்தான். உண்மையைக் காக்கவென ஏற்பட்ட சடங்கு உண்மையாளரையே வருத்தியது. இம்முரண்பாட்டை எடுத்துக்காட்டி வில்லியம் பென் முதலானோர் 1675 இல் ஆணைகளைப் பற்றி ஒரு நூலெழுதிப் பாராளுமன்றத்துக்குச் சமர்ப்பித்தனர். யூதர், கிரேக்கர், திருச்சபைத் தந்தையர் எனப் பல திறத்தாரின் சான்றுகளையும் அதில் திரட்டியிருந்தனர்.

பொறுமை மெல்ல மெல்லப் பயன் தந்தது. 1689 ஆம் ஆண்டின் சமயப் பொறைச் சட்டம் விசுவாச ஆணைக்குப் பதிலாகக் குவேக்கர் வெறும் பிரகடனம் செய்ய இடமளித்தது. 1696 இல் நீதிமன்றங்களிலும் ஆணைக்குப் பதிலாக உறுதியுரை கூறும் உரிமை அவர்களுக்குக் கிட்டிற்று. ஆனால் அவ்வுறுதியுரையின் வாசகத்திலே, எல்லாம் வல்ல இறைவனின் முன்னிலையில் என்ற கருத்து இடம்பெற்றிருந்தது. இது பெயர் மாறிய ஆணையேயன்றி வேறில்லை என்று குழாத்தினருட் பலர் அதனையும் ஏற்க மறுத்தனர். ஏற்றோருக்கும் மறுத்தோருக்கும் இடையே கால் நூற்றாண்டுக் காலம் கருத்து வேற்றுமை நீடித்தது. 1722 இல் இறைவனின் பெயர் நீக்கப்பட்டு, உளப்பூர்வமாகவும் உண்மையாகவும் உறுதி கூறுகிறேன் என்னும் அளவில் வாசகம் திருத்தப்பட்ட பின்னரே அப்பிணக்கு ஓய்ந்தது. குற்றவியல் வழக்குகளிற் சாட்சி சொல்லும் உரிமை 1828 வரை தாமதித்தது. ஜோசெப் பீஸ் என்னும் குவேக்கர் 1833 இல் உறுதியுரை கூறிப் பாராளுமன்றத்தில் அமர்ந்தார்.

ஒருவருக்குத் திறந்த கதவு பிறருக்கும் திறந்தது. 1744 இல், கல்கத்தாவிலே இந்துக்கள் தம் சமய முறைப்படி சத்தியஞ் செய்து கூறிய சாட்சியம் செல்லும் என்று ஆங்கில நீதிமன்றம் தீர்த்தது. 1880 இற் பாராளுமன்றத்துக்குத் தெரிவான சார்ல்ஸ் பிராட்லோ, இறைவனை நம்பாதவராதலின் உறுதியுரை கூற விரும்பினார். ஆறாண்டுப் போராட்டத்தின் பின்னரே அவர் தம் ஆசனத்தை உறுதியாகப் பெற்றார். 1888 ஆம் ஆண்டின் சட்டம் அவ்வுரிமையை யாவருக்கும் பொதுவாக்கிற்று. இறைவனுக்கு அஞ்சி ஆணையை மறுத்தவர் வெட்டிய பாதையிலேயே இறைவனை ஏற்காதவரும் நடந்து சென்றார்.

அப்பாதை இலங்கையையும் எட்டியது. 1895 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கச் சத்தியம், உறுதியுரை பற்றிய கட்டளைச் சட்டம், பௌத்தரும் இந்துக்களும் முஸ்லிம்களும், ஆணையிட மனச்சாட்சி இடந்தராத பிறரும் உறுதியுரை கூற வழிசெய்தது. 1978 ஆம் ஆண்டின் அரசியலமைப்பிலும் பதவியேற்போர் சத்தியஞ் செய்தோ உறுதிகூறியோ பொறுப்பேற்க இடமுண்டு. நீதிமன்றத்திலே இவ்விரு சொற்களையும் ஒருங்கே கேட்போரில், அவற்றுக்கிடையேயுள்ள சிறிய இடைவெளியிற் கிடக்கும் சிறைவாசங்களை நினைப்போர் சிலரே.

வேதநூலின் இரு போதனைகளும் இன்றும் அந்நூலில் அருகருகே நிற்கின்றன. ஒன்று மற்றொன்றை வென்றுவிடவில்லை. மனிதனின் சொல் தளர்வது என்பதை அறிந்து அதற்கு ஊன்றுகோல் கொடுப்பது ஒரு போதனை. ஊன்றுகோல் வேண்டாத உறுதியை அச்சொல்லுக்கே தருமாறு கேட்பது மற்றது. முன்னையது உள்ள மனிதனைக் கண்டு பேசுகின்றது. பின்னையது ஆகவேண்டிய மனிதனைக் கண்டு பேசுகின்றது. அரசுக்கு இரண்டும் வேண்டும். ஆனால் ஆணையிட்டுப் பேசுவோரிடமும் ஆணையின்றிப் பேசுவோரிடமும் நீதிமன்றம் எதிர்பார்ப்பது ஒன்றுதான். அந்த ஒன்று புத்தகத்தைத் தொடும் கையிலிருந்து வருவதன்று, பேசும் மனிதனின் நெஞ்சிலிருந்தே வரவேண்டும். லங்காஸ்டர் நீதிமன்றத்தில் நின்றவர் தம் சுதந்திரத்தை விலையாகக் கொடுத்து உணர்த்திய உண்மை அதுவே.